சீட்டை வாசிக்காம வித்த லேப்டாப்

ஷட்டரை அரைவாசி தூக்கினாப் போதும்லே இசக்கி, முழுசாத் தூக்காத. கஸ்டமர் வர இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள நான் பேச வந்ததப் பேசிட்டுப் போயிருதேன். ஏட்டி ஷெரின், அந்த விளக்குமாத்தக் கீழ போட்டுட்டு நீயும் இங்கன வந்து உக்காரு. தூசி எங்கயும் ஓடிராது.

மேசை மேல இருக்கது என்னன்னு தெரியுதா? நீங்க எனக்குக் குடுத்ததுதான். போன வாரம் எனக்குப் பிரிவு உபசாரம்னு மாலை போட்டு, அல்வாவும் மிக்சரும் வச்சு, எல்லாருமாச் சேந்து வாங்கிக் குடுத்தீங்க. பொன் நிற லேப்டாப், வெத்தலை மாதிரி மெலிசு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அதச் சொல்லாம விட்டா நான் மனுஷியே இல்ல. ஆனாலும் திருப்பிக் கொண்டாந்திருக்கேன். சீல்கூட உடைக்கல.

மூஞ்சியத் தூக்காதீங்கடே. உங்க மேல எனக்குப் பாசம் இல்லாம இல்ல. கோவமும் இருக்கு, அதையும் மறைக்கல. எதுக்குக் கோவம்னு கடைசியில சொல்லுதேன். அதுக்கு முன்னால நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லணும். இருபத்தாறு வருஷம் இதே கவுண்டர்ல நின்னிருக்கேன். நின்னிருக்கேன்னுதான் சொல்லணும், எங்களுக்கு நாற்காலி போட்டதே ரொம்ப வருஷம் கழிச்சுத்தான். எத்தனையோ பெட்டி என் கையால போயிருக்கு. அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் இன்னைக்கும் நெஞ்சுல முள்ளாக் குத்துது.

நம்ம பக்கத்துல லேப்டாப் வாங்குத வழக்கம் உங்களுக்கே தெரியும். அத வச்சு வேலை பாக்கப்போறவ கடைக்கு வர மாட்டா. வாங்கிக் குடுக்கவன்தான் வருவான். மருமகளுக்குத் தாய்மாமன் வாங்குவான், தங்கச்சிக்கு அண்ணன் வாங்குவான். அவன் பட்டாளத்துல இருப்பான், இல்லன்னா போலீஸ்ல இருப்பான். லீவு முடிய ஒரு நாளோ ரெண்டு நாளோ இருக்கும்போதுதான் கடைவாசல்ல வந்து நிப்பான். அது லேப்டாப் இல்ல, சீர். தாம்பாளத்துல வச்சுக் குடுத்தா நாலு பேரு பாத்து, 'அடேயப்பா'ங்கணும். அதனால நாமளும் ஆளைப் பாத்து விக்கதில்ல, தாம்பாளத்தப் பாத்து விக்கோம்.

ஒம்பது வருஷம் இருக்கும். குத்தாலத்துல சீசன், நம்ம தென்காசி பஜார்லயும் சாரல் விடாம அடிச்சுக்கிட்டு இருக்கு. ராயகிரியில இருந்து ஒரு ஹவில்தார் வந்தாரு. நனைஞ்ச குடைய வாசல்லயே சாத்தி வச்சுட்டு, மீசையில தண்ணி சொட்டச் சொட்ட உள்ள வந்து, "தங்கச்சிக்கு ஒரு லேப்டாப் வேணும்மா. நாளைக்கு எனக்கு ரயிலு. இன்னைக்கே அவ கையில குடுத்துட்டுப் போகணும்"னாரு.

"தங்கச்சி என்ன பண்ணுதாங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். கேட்டேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். "அவ வீட்டுக்காரரு தவறிட்டாரும்மா. ரெண்டு பிள்ளைக. வீட்டுலதான் இருக்கா"ன்னாரு.

'வீட்டுலதான் இருக்கா'ங்கத கேட்டதும் என் மனசுல எல்லாம் முடிஞ்சுபோச்சு. வீட்டுல இருக்கவளுக்கு என்ன வேணும்? பிள்ளைகளுக்குப் பாட்டு, தனக்கு ஒரு சினிமா, அண்ணன்கிட்ட முகம் பாத்துப் பேசணும், அவ்வளவுதானேன்னு நானே எழுதி நானே கையெழுத்துப் போட்டுக்கிட்டேன். அவரு சட்டைப் பையில இருந்து நாலா மடிச்ச ஒரு சீட்ட எடுத்து, "அவ என்னமோ எழுதிக் குடுத்திருக்கா, பாத்துக்கிடுங்க"ன்னு மேசையில வச்சாரு. நான் அதப் பிரிக்கக்கூட இல்ல. "இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, இருக்கதுலயே நல்லதா நான் தாரேன்"ன்னேன். கண்ணாடி அலமாரியில இருந்து வெள்ளி நிறத்துல ஒரு மெலிசுப் பெட்டிய எடுத்து, ஒத்த விரல்ல தூக்கிக் காட்டினேன். மனுஷன் சொக்கிப்போயிட்டாரு. சீட்ட வாரண்டி அட்டையோட சேத்துப் பெட்டிக்குள்ள போட்டு, என் கையாலயே ஒட்டிக் குடுத்தேன்.

இன்னொண்ணும் சொல்லிருதேன், அரைகுறையாச் சொன்னா புண்ணியம் இல்ல. அந்த மெலிசு மாடல்ல பத்து வித்தா ஒரு மிக்ஸின்னு கம்பெனிக்காரன் சொல்லியிருந்தான். நான் ஒம்பது வித்திருந்தேன். ஹவில்தார் வாங்கினது பத்தாவது. அந்த மிக்ஸி இன்னைக்கும் எங்க வீட்டுல சட்னி அரைக்குது.

ரெண்டு வருஷம் கழிச்சு, அதே சீசன், அதே சாரல். ஒரு பொம்பளை துணிப்பைக்குள்ள பெட்டியோட அந்த லேப்டாப்ப வச்சு, தான் நனைஞ்சாலும் பை நனையாமக் கொண்டாந்தா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். மெலிஞ்ச தேகம், ஆனா நிமுந்து நிக்கா. பேரு முத்துமாரின்னா. ராயகிரின்னா. பெட்டியப் பாத்ததும் எனக்கு ஹவில்தாரு ஞாபகம் வந்துட்டு.

"அக்கா, கட்டடப் படம் ஒண்ணத் திறந்தா அப்படியே உறைஞ்சு நிக்குது. ரெண்டு நாளா மல்லுக்கட்டுதேன்"ன்னா. கட்டடப் படமான்னு நான் முழிச்சேன். அவ பையப் பைய விவரம் சொன்னா. பாலிடெக்னிக்ல சிவில் படிச்சவ. முடிச்ச கையோட கல்யாணம். வீட்டுக்காரரு போன பிறகு, சங்கரன்கோவில் பக்கத்து இன்ஜினியருமாருக்கு வீட்டுலயே இருந்து வீட்டு பிளான் வரைஞ்சு குடுத்திருக்கா. கோடு போட்ட படம் வரைக்கும் அந்த மெலிசுப் பெட்டி தாங்கியிருக்கு. இப்ப வீடு கட்டுதவங்க எல்லாரும், கட்டுததுக்கு முன்னாலயே வீடு எப்படி இருக்கும்னு கலர்ல காட்டு, உள்ள நடந்து போய்ப் பாக்கணும்ங்காங்கள்லா. அதுக்குப் பெட்டியில தெம்பு இல்ல.

"குத்தாலத்துல மூணு மாடி லாட்ஜு அக்கா. ஓனரு புளியறைக்கு அந்தப் பக்கம், கேரளாக்காரரு. இன்னும் நாலு நாள்ல வருதாரு. அன்னைக்குள்ள முழு லாட்ஜையும் நடந்து காட்டுத மாதிரி முடிச்சுக் குடுத்தா, இனிமே என் வேலை முழுக்க உனக்குத்தான்னு இன்ஜினியர் சார் சொல்லிட்டாரு. முடியலன்னா திருநெல்வேலிக்குக் குடுத்துருவாரு"ன்னு சொன்னா. பிறகு, "மாமனார் வீட்டுல, பிள்ளைகள எங்ககிட்ட விட்டுட்டு திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போன்னு ஆள்கூடப் பாத்து வச்சிருக்காங்க. இது கைவிட்டா எனக்குப் பேச வாய் கிடையாது அக்கா. பிள்ளைகள விட்டுட்டு நான் போக மாட்டேன்"ன்னா. அழல. அழுதிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

அப்ப நம்ம சர்வீஸ் மேசையில ஒரு தம்பி இருந்தான். வயசுல எனக்கு ரொம்பச் சின்னவன், தொழில்ல எனக்கு மேல. எந்த லேப்டாப் வந்தாலும் மூஞ்சியப் பாக்க மாட்டான், முதல்ல திருப்பிப்போட்டு முதுகத்தான் பாப்பான். அவன் இதத் திறந்து பாத்துட்டு என் காதுகிட்ட வந்து, "அக்கா, ரேம மதர்போர்டோட சேத்து ஈயம் வச்சு ஒட்டியிருக்கான். கூட்டுததுக்கு ஸ்லாட்டே கிடையாது. கிராபிக்ஸ் கார்டும் தனியா இல்ல. இதுல அந்த வேலை இந்த ஜென்மத்துக்கும் நடக்காது"ன்னான்.

நம்ம முதலாளி அண்ணாச்சி கல்லாவுல இருந்தாரு. அவரு என்னப் பாத்து லேசா உதட்ட அசைச்சாரு. 'வைரஸ்'னு சொல்லுங்காரு. உங்களுக்குத் தெரியாததா? நம்ம தொழில்ல பதில் சொல்ல முடியாத எல்லாத்துக்கும் வைரஸ்தான் பதிலு. கழுவித் துடைச்சு, விண்டோஸ மறுபடி ஏத்தி, ரெண்டு நாள்ல வாம்மான்னு அனுப்பிரலாம். நானும் வாயத் திறந்து, "வைரஸா இருக்கும்மா..."ன்னு ஆரம்பிச்சுட்டேன். ஆமா, ஆரம்பிச்சேன்.

அப்பத்தான் அவ பெட்டிக்குள்ள கைய விட்டு வாரண்டி அட்டைய எடுத்தா. பின்னாலயே அந்தச் சீட்டு. நாலா மடிச்சது, மடிப்பு கலையாம அப்படியே இருக்கு. "இதுல எல்லாம் எழுதித்தான் அக்கா குடுத்துவிட்டேன். அண்ணன் உங்ககிட்டக் காட்ட மறந்துட்டான் போல. பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு"ன்னு என் கையில குடுத்தா.

ரெண்டு வருஷம் கழிச்சு நான் அதப் பிரிச்சேன். படம் வரையுத கை இல்லையா, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா நிக்குது. 'ரேம் பின்னால கூட்ட இடம் இருக்கணும். கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கணும். திரை பெருசா இருக்கணும். கனம் இருந்தாப் பரவாயில்ல, நான் தூக்கிக்கிடுவேன்.' மொத்தமே நாலு வரி. நல்லாத் தெரிஞ்ச சேல்ஸ்மேன்கூட அதவிடச் சுருக்கமா, அதவிடச் சரியாச் சொல்லிர முடியாது. அவளுக்கு எது பல வருஷம் தாங்கும்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு. நான்தான் அதப் பெட்டிக்குள்ள போட்டு ஒட்டியிருக்கேன்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. ஏன்னு கேளுங்க. இந்தக் கவுண்டர்ல நான் நிக்கும்போது எத்தனை பேரு வந்து, "ஆம்பளை யாரும் இல்லையாம்மா, ரேமு பத்திக் கேக்கணும்"னு என் தலைக்கு மேல எட்டிப் பாத்திருக்காங்க தெரியுமா? ஒவ்வொரு தடவையும் வயிறு எரிஞ்சிருக்கேன். அப்படிப்பட்ட நான், ஒரு பொம்பளைக்குன்னு சொன்னதும் சினிமாவும் பாட்டுந்தானேன்னு முடிவு பண்ணியிருக்கேன். சவம், அவனுகளாவது மூஞ்சிக்கு நேராக் கேட்டானுக. நான் அதுகூடக் கேக்கல.

இங்கனதான் நீங்க கவனிக்கணும். தப்பிக்கதுக்கு எனக்கு வாசல் அகலமாத் திறந்து கிடக்கு. அண்ணன் மறந்துட்டான்னு அவளே சொல்லுதா. அந்த மனுஷன் எங்கயோ பனியில நிக்காரு, வந்து சாட்சி சொல்லப் போறதில்ல. 'ஆமாம்மா, காட்டல'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கடைக்கும் நல்ல பேரு, எனக்கும் நல்ல பேரு. அண்ணாச்சி அன்னா அங்கன இருந்து என்னையே பாக்காரு. யோசிக்க நேரமே இல்ல, ரெண்டு மூச்சு விடுத நேரம் இருந்திருக்கும்.

"உங்க அண்ணன் குடுத்தாரும்மா. நான்தான் வாசிக்கல"ன்னேன்.

அவ என்னை ஏறிட்டுப் பாத்தா. திட்டுவான்னு நினைச்சேன், திட்டல. "சரி அக்கா, இப்ப என்ன செய்யணும்?"னா. அவளுக்கு நாலு நாள்தான் இருக்கு, என் மேல கோவப்பட அதுல நேரம் இல்ல.

அண்ணாச்சி என்னை உள்ள கூப்பிட்டாரு. "ஏம்மா கோமதி, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? கவுண்டர்ல நின்னுக்கிட்டுத் தப்புன்னு சொல்லுவியா? நாளைக்கு ஒம்பது பேரு வந்து வரிசையில நிப்பான்"ன்னாரு. "நிக்கட்டும் அண்ணாச்சி. மிச்ச ஒம்பதையும் வித்தது நான்தான்"ன்னேன். அவருக்குச் சிரிப்பும் வந்துட்டு, கோவமும் போகல. "இந்த மெலிசுப் பெட்டிய மாத்துக்கு எடுத்துக்கிடுவோம். குடோன்ல கிடக்க கருப்புப் பெட்டியில ஒண்ணக் குடுப்போம். அவ ஒரு பைசா கூடப் போட வேண்டாம். மெலிச நான் வித்துக் காட்டுதேன், விக்கலன்னா என் தலையில கட்டுங்க"ன்னேன். அவரு கோவக்காரரு, ஆனா கள்ளன் இல்ல. "உன் தலைதான், பாத்துக்கோ"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

அந்தக் கருப்புப் பெட்டிகள உங்களுக்குத் தெரியாது. பெங்களூர்ல பெரிய கம்பெனிக்காரங்க மூணு வருஷம் ஓட்டிட்டுக் கழிச்சுவிட்டது. நாங்க அதுக்கு எருமைன்னு பேரு வச்சிருந்தோம். செங்கல் கனம், மூடியில ஸ்டிக்கர் கிழிச்ச தடம், ஓரமெல்லாம் கீறல். யாரும் தாம்பாளத்துல வைக்க மாட்டான். ஆனா முதுகத் திருப்பினா ஸ்க்ரூ, ஸ்க்ரூவக் கழத்தினா ரேமுக்கு நாலு ஸ்லாட்டு, டிஸ்க்குக்கு ரெண்டு இடம். பேட்டரி ஒரு தாழ்ப்பாளத் தள்ளினா கையோட வந்துரும். கிராபிக்ஸ் கார்டு தனி. நாள் முழுக்க உக்காந்து கனமான வேலை பாக்குத ஆளுகளுக்குன்னே செஞ்சது.

முத்துமாரி அதப் பாத்ததும் முகம் ஒரு நிமிஷம் வாடிட்டு. பழசு இல்லையா? அண்ணன் புதுசு வாங்கிக் குடுத்தான், இப்ப அதக் குடுத்துட்டுப் பழச வாங்கிட்டுப் போகணும்னா யாருக்குத்தான் மனசு வரும்? ஆனா அடுத்த நிமிஷமே, "ரேமு எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்?"னு கேட்டா. தம்பி சொன்னான். "காத்துப் போற வழி எங்க இருக்கு?"ன்னா. காட்டினான். "இந்தக் கார்டு படுத்துட்டா?"ன்னா. "இதே மாடல்ல இன்னும் நாலு பெட்டி குடோன்ல கிடக்கு, கழத்தி மாட்டிருவேன்"ன்னான். ரெண்டு பேரும் பேசுததக் கேட்டுக்கிட்டு நான் வாய மூடிக்கிட்டு நின்னேன். அன்னைக்கு நான் பண்ணின நல்ல காரியத்துல அதுவும் ஒண்ணு.

தம்பி இன்னொரு எருமையில இருந்தும் ரேமக் கழத்தி இதுல போட்டான். நான் அவகிட்ட, "என்னை நம்பாத. ஒரு தடவை நம்பினது போதும். உன் படத்த இங்கனயே திறந்து பாத்துட்டு எடுத்துக்கிட்டுப் போ"ன்னேன். அவ பென் டிரைவப் போட்டுத் திறந்தா. மின்விசிறி இரைஞ்சுச்சு. பிறகு லாட்ஜு வந்துச்சு பாருங்க. வாசப்படி, வரவேற்பு மேசை, மாடிப்படி. மவுசத் தள்ளத் தள்ள நாங்க எல்லாரும் ஏறிப் போறோம். மூணாவது மாடியில கதவத் திறந்தா, எதிர்த்தாப்ல மலை. டீத் தட்டோட கடைக்கு வந்த டீக்கடைக்காரருகூட நின்னு பாத்துட்டு, "எங்கனம்மா இந்த லாட்ஜு, வாடகை எவ்வளவு?"ன்னு கேட்டாரு. முத்துமாரி அன்னைக்கு முதல் தடவை சிரிச்சா.

அந்த நேரம் பாத்து அவ அண்ணன் போன்ல வந்தாரு. இவ மாத்துத விஷயத்தச் சொன்னதும், அங்கன இருந்து அவரு போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டுச்சு. "நான் புதுசு வாங்கிக் குடுத்தா, அதப் பிடுங்கிட்டு எவனோ கழிச்சுப் போட்டத எம் தங்கச்சி தலையில கட்டுதாங்களா? போன அந்தம்மாகிட்டக் குடு!"

வாங்கினேன். "அண்ணாச்சி, நீங்க அன்னைக்கு ஒரு சீட்டுக் குடுத்தீங்க. அத நான் வாசிக்கல. வாசிச்சிருந்தா அந்தப் பெட்டிய உங்களுக்கு வித்திருக்க மாட்டேன். உங்க தங்கச்சிக்கு வேணுங்கத இன்னைக்குத்தான் குடுக்கேன். பழசுதான். ஆனா அவங்க வேலைய இதுதான் தாங்கும். திட்டணும்னா என்னைத் திட்டுங்க, அவங்களுக்கு நேரம் இல்ல, வேலை கிடக்கு"ன்னேன்.

பட்டாளத்துக்காரரு குரலு இறங்கி வந்துச்சு. "நானும் வாசிக்கலம்மா"ன்னாரு.

எருமைய எடுத்துக்கிட்டு அவ அன்னைக்கே பஸ் ஏறினா. மூணாவது நாளே வேலைய முடிச்சுட்டா. ஓனரு வந்த அன்னைக்குக் குத்தாலத்துல காத்து மழை, கரண்ட் இல்ல. அரைகுறையா நிக்க கட்டடத்துக்குள்ள, சிமெண்ட் மூட்டை மேல எருமைய வச்சு, ஒரு பேட்டரி தீந்ததும் பையில இருந்து நம்ம தம்பி குடுத்துவிட்ட ரெண்டாவது பேட்டரியத் தட்டிப் போட்டு, மூணு மாடியையும் நடந்து காட்டியிருக்கா. படத்துல மூணாவது மாடி வந்ததும் ஓனரு, ஜன்னல இன்னும் ரெண்டு அடி அகலம் வைங்கன்னாராம். வேலை கிடைச்சுட்டு. பிள்ளைக ராயகிரியிலயே படிச்சாங்க.

அந்த மெலிசு என்னாச்சுன்னு கேக்க மாட்டீங்களா? ஆலங்குளத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு வந்தாரு. அவருக்கு லெட்டர் அடிக்கணும், அமெரிக்காவுல இருக்க மகளோட பேசணும், தோள்வலி. இந்தத் தடவை நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் குடுத்தேன். அவருக்கு அது ரொம்ப வருஷம் ஓடுச்சு. பெட்டியில குத்தம் இல்லடே, குடுத்த இடத்துலதான் குத்தம்.

எருமை ஏழு வருஷம் அவளோட முழு வேலையையும் இழுத்துச்சு. சும்மா இழுக்கல. ரெண்டு தடவை ரேமு கூட்டினோம், டிஸ்க்க மாத்தினோம், பேட்டரி மூணு மாத்தினோம், கார்டு ஒரு தடவை படுத்து எழுந்திருச்சு. ஒவ்வொரு சீசன் முடிஞ்சதும் கொண்டாந்து முதுகத் திறந்து துடைச்சுக்கிட்டுப் போவா. நம்ம ஊரு சாரலுக்கு அது செய்யணும். குத்தாலத்துல வேற ஒரு லாட்ஜு மேனேஜரு இருந்தாரு, அருவிக்குக் குளிக்கப் போறவங்க போனுக்கு மாட்டுவாங்கள்லா பிளாஸ்டிக் உறை, அதே மாதிரி லேப்டாப்புக்கும் தச்சு மாட்டி வச்சிருந்தாரு, ஈரம் படாதாம். மூச்சு முட்டி உள்ளயே வெந்துபோச்சு அது. "தண்ணி ஒரு சொட்டு படலையேம்மா"ன்னு என்கிட்டயே சண்டைக்கு வந்தாரு.

பல வருஷம் தாங்குதது எதுன்னு கேட்டா, நான் இப்படித்தான் சொல்லுவேன். மாப்பிள பாக்குத மாதிரி பாருங்க. உயரத்தப் பிறகு மாத்த முடியாது, சட்டைய மாத்திக்கிடலாம். புராசசரு, திரை, கீபோர்டு, ஸ்லாட்டு இருக்கா இல்லையாங்கது, இதெல்லாம் உயரம். இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ரேமு, டிஸ்க்கு, பேட்டரி, இதெல்லாம் சட்டை. ஆனா சட்டைய மாத்துததுக்குப் பித்தான் இருக்கணும், தச்சு ஒட்டியிருந்தா அதையும் உயரக் கணக்குல சேத்துக்கிடுங்க. இப்ப எருமையிலயும் அதே கதைதான், புராசசரு பழசாயிட்டு, புது சாஃப்ட்வேரு ஏற மாட்டேங்குது. முத்துமாரி அதத் தூக்கிப் போடல. கோடு போட்ட படத்துக்கு மட்டும் வச்சிருக்கா. இப்ப தென்காசியிலயே மாடியில ஆபீசு, அவளையும் சேத்து நாலு பொம்பளைக.

இதெல்லாம் கூடத் தெரியாம விக்கலாம். போன்ல தட்டினா வந்துரும். யாருக்கு, என்ன வேலைக்கு, மூணு வருஷம் கழிச்சு அந்த வேலை எங்க போய் நிக்கும்னு போன் சொல்லாது. அத வாயத் திறந்து கேக்கணும். வாங்குதவன்கிட்ட இல்ல, வேலை பாக்குதவகிட்டக் கேக்கணும். வரலன்னா போன் போட்டுக் கேக்கணும். ரயிலு போனாலும் பரவாயில்ல.

இப்ப என் கோவத்துக்கு வாரேன். போன வாரம் இந்தப் பொன் நிறப் பெட்டியக் குடுக்கும்போது, லே இசக்கி, மைக்கப் பிடிச்சு நீ என்ன சொன்ன? "அக்கா இனிமே வீட்டுலதான் இருப்பாங்க. பேரனோட வீடியோ கால் பேசலாம், சீரியல் பாக்கலாம், கனமே இல்ல"ன்ன. எல்லாரும் கை தட்டினீங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய் உக்காந்ததும்தான் எனக்கு அந்த வார்த்தை உறைச்சுச்சு. வீட்டுலதான் இருப்பாங்க. ஏட்டி ஷெரின், நீயும் அதே மைக்கப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசினியே, ஒரு தடவையாவது, 'அக்கா, நாளையில இருந்து என்ன செய்யப் போறீங்க?'ன்னு கேட்டியா? இந்தக் கடையில ஒரு ஆளு கேக்கலையே.

கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். ஆறு மாசமா சாயங்காலம் கடை விட்டு நான் நேரா வீட்டுக்குப் போகல. முத்துமாரி ஆபீசுக்குப் போறேன். அவ வரைஞ்ச கட்டடத்துக்கு வெளிச்சமும் வண்ணமும் குடுக்கப் படிச்சுக்கிட்டு இருக்கேன். முதல் ரெண்டு மாசம் நான் வச்ச சுவரெல்லாம் மஞ்சக்காமாலை வந்தது மாதிரி இருந்துச்சு, அவ திட்டித்தான் சொல்லிக் குடுத்தா. எனக்கு அம்பத்தெட்டு வயசு. வார திங்கக்கிழமையில இருந்து அங்கன வேலைக்குச் சேருதேன். நாலு பேரு அஞ்சு பேரா ஆகப் போறோம்.

அதனால கோவிச்சுக்கிடாம இந்தப் பெட்டிய மாத்துக்கு எடுத்துக்கிடுங்க. கூட ஆகுதத நான் போட்டுக்கிடுதேன். தள்ளு, நான் இன்னைக்கு இந்தப் பக்கம் உக்காருதேன், கஸ்டமர் நாற்காலியில. எனக்கு என்ன வேணும்னு சீட்டுல எழுதிக் கொண்டாந்திருக்கேன்.

இந்தா ஷெரின், வாங்கு. பெட்டிக்குள்ள போட்டு ஒட்டிராத. எல்லாருக்கும் கேக்க மாதிரி சத்தமா வாசி.

'ரேம் பின்னால கூட்ட இடம் இருக்கணும். கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கணும். திரை பெருசா இருக்கணும், கண்ணு முன்ன மாதிரி இல்ல. கனம் இருந்தாப் பரவாயில்ல, நான் தூக்கிக்கிடுவேன்.'